ஈரம் காயாத முப்பது பலகைகள்

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கத்திரி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கே நெல்லித்தாங்கல் போலீஸ் அவுட்போஸ்ட்டின் ஓட்டிலிருந்து அனல் இறங்கியது. பதினொன்றேகாலுக்குக் காஞ்சிபுரம் பஸ். அதில் என் சிநேகிதன் முனியனைக் கைவிலங்கோடு ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அவன் அம்மன் சிலையைத் திருடவில்லை என்று அதற்குள் காட்டியாக வேண்டும். ஓரிடத்தில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"பீர் முகம்மது, தரை தேஞ்சிடப் போகுது. சர்க்கார் தரை" என்றார் ஆண்டாளம்மாள்.

ஆண்டாளம்மாளை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடங்களைச் சோதனை போட்ட இன்ஸ்பெக்டரஸ். வராத பிள்ளைக்கு 'ஆஜர்' போட்ட பதிவேட்டை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்பார்கள். அது பொய், ஏனென்றால் அவர் போடும் மூக்குப்பொடியில் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. ஓய்வு பெற்றதும் அந்தத் திறமையைத் துப்பறிகிற தொழிலில் இறக்கினார். நான் அதற்கு முன் பஸ் கண்டக்டர். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். என் வாய்க்காக வாரம் ஒருமுறை வேலையை விட்டு நிறுத்துவார்.

"அம்மா, கேஸ் முடிஞ்சு போச்சு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் வேதகிரி. "நீங்க மெட்ராஸ்லேர்ந்து வீணா வந்தீங்க."

வேதகிரி கெட்டவர் இல்லை. கேஸ் முடிந்தது என்று ஒருமுறை தோன்றிவிட்டால் பிறகு அதைத் திறக்கச் சோம்பல்படுவார், அவ்வளவுதான்.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக் கோயிலில் பூசாரி விளக்கேற்றியபோது, ஒரு சாண் உயர வெண்கல அம்மன் பீடத்தில் இருந்தாள். ஆறு மணிக்குப் புழுதிக்காற்று கிளம்பியது. எட்டரை வரை ஊரில் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பூசாரி திரும்பி வந்தபோது பீடம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் அம்மனின் சின்ன வெள்ளிக் கிரீடம் முனியனுடைய தோணியில், உட்காருகிற பலகைக்கு அடியில் அகப்பட்டது. சிலை அகப்படவில்லை.

அந்த ஏரியில் ஒரே ஒரு தோணிதான். ஏரிக்கு நடுவே நாலு நாவல் மரமும் கொஞ்சம் பாறையுமாக ஒரு திட்டு இருக்கிறது. கோடைக்கு எல்லோரும் மலைக்குப் போனால், சென்னை டிராயிங் மாஸ்டர் ஏகாம்பரம் இந்தத் திட்டுக்கு வந்தார். பங்குனியிலிருந்து தினமும் விடியற்காலையில் முனியன் அவரைத் திட்டில் இறக்கிவிடுவான். மடக்கு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவுப் பலகையில் எண்ணெய் வர்ணத்தால் ஏரியைப் போடுவார். வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார்.

மாஸ்டர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் சுருக்கமானது. 'செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு முனியன் என்னைத் திட்டில் இறக்கிவிட்டுத் தோணியோடு கரைக்குப் போனான், பத்து மணிக்குத்தான் வந்தான், நடுவில் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது.'

முனியன் சொல்வது வேறு. அன்றைக்கு மாஸ்டர் தலைவலி என்று சொல்லித் திட்டுக்கே போகவில்லை, தான் வீட்டில் படுத்திருந்ததாகச் சொல்கிறான். சாட்சி அவன் பெண்டாட்டி செங்கேணி. பெண்டாட்டி சொல்லை எந்தக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்?

"மாஸ்டருக்கு நீச்சல் தெரியாது. நாலு பக்கமும் தண்ணி. அவர் திட்டுல இருந்தாருங்கிறதுக்கு இதோ அத்தாட்சி" என்று வேதகிரி மேஜை மேல் இருந்த பலகையைக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை காலையில போட்டது. புதன்கிழமை நான் தொட்டப்போ கையில ஒட்டிச்சு. இன்னிக்கும் காயல."

நான் குனிந்து பார்த்தேன். திட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஏரிக்கரை, விடிகிற நேரம். வற்றின தண்ணீரின் ஓரத்தில் சேறு ஊதாவாக மின்னியது. ஒரு பாறை மேல் கொக்கு. கொக்கு என்பது உண்மையில் ஒரே ஒரு வெள்ளைத் தீற்று, ஆனாலும் அது இப்போது பறந்துவிடும் என்று தோன்றியது. அவ்வளவு நன்றாக இருந்தது எனக்கு எரிச்சலாக வந்தது.

மூக்கில் என்னவோ ஏறியது.

"அம்மா, இந்தப் படத்துல பிரியாணி வாசன வருது."

"காலையில நாஷ்டா சாப்பிடலியா நீ?"

"சாப்ட்டேன். நெசமாவே லவங்க வாசன. மோந்து பாருங்க, ஐயோ, உங்களாண்ட போய் சொல்றேன் பாரு."

ஆண்டாளம்மாள் என்னை முறைத்தார். ஆனால் பலகையை வெளிச்சத்துக்குத் தூக்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெளியே வராந்தாவில் கான்ஸ்டபிள் எல்லப்பன் தன் காக்கிச் சட்டையின் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார் ஆண்டாளம்மாள்.

"மாஸ்டரு படம் வெக்கிற பொட்டிய நேத்து சோதன போட்டேம்மா. முதல் படத்த இழுத்தேன், பச்ச, நீலம், அல்லாம் ஏறிட்ச்சி. ஆறு தண்ணி ஊத்தியும் போவல. படமும் பாழாவுது, சட்டையும் பாழாவுதுனு மூடிட்டேன்."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் முனியன் குந்தியிருந்தான். பன்னிரண்டு வயதில் மதகுச் சுழலில் சிக்கின என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டவன் இவன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் அவன் எதிரே குந்தினேன்.

"பாய், நீ வந்துட்டியா" என்றான்.

"வந்துட்டேன். அம்மா கேக்கறதுக்கு ஒய்ங்கா பதில் சொல்லு."

"முனியா, மாஸ்டர் படம் போடறப்போ நீ பக்கத்துல இருப்பியா?" என்றார் ஆண்டாளம்மாள்.

"சில நாளு இருப்பேம்மா. முதல்ல மானத்தப் போடுவாரு. அப்பால தண்ணி. கடசிலதான் மரம், கல்லு. சுருக்கா போடணும், இல்லாங்காட்டி வெளிச்சம் மாறிடும்பாரு. ஈ ஒட்டிச்சினா கூட புடுங்க மாட்டாரு."

"போட்ட படத்தை எல்லாம் என்ன பண்ணுவார்?"

"அந்தப் பொட்டில குறுக்கால பள்ளம் பள்ளமா கீது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அதுல சொருவி வெப்பாரு. பத்து நாளைக்கு ஒருக்கா காஞ்சத அல்லாம் எடுத்து, நான்தான் நூஸ் பேப்பரு சுத்திக் கட்டிக் குடுப்பேன்."

ஆண்டாளம்மாள் கொக்குப் படத்தைக் காட்டினார். "இது?"

முனியன் யோசிக்கவே இல்லை. "இது ஞாயித்துக்கெயம போட்டது. அந்தக் கொக்கு அன்னிக்குத்தான் கல்லு மேல குந்திகினு இருந்திச்சி. நான் இருமினேன், பறந்துட்ச்சி. மாஸ்டரு இன்னா திட்டு திட்னாரு."

"பாத்தீங்களா" என்று சிரித்தார் வேதகிரி. "ஞாயித்துக்கிழமை படமாம், வியாழக்கிழமை வரைக்கும் காயாம இருக்குதாம், இந்த வெயில்ல. வரிசையாப் புளுகறான்."

ஆண்டாளம்மாள் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரோடுகள் சேருகிற கூட்ரோட்டில் என் அண்ணன் ரஹமத்துல்லாவின் மளிகைக்கடை. எதிரே நெல் மண்டி. மண்டியின் மாடி அறையில்தான் மாஸ்டர் தங்கியிருந்தார். அண்ணன் வெல்ல மூட்டையின் வாயைத் தட்டித் தட்டி மண்ணை உதறிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெயம அடிச்ச மண்ணு இன்னும் கடைய விட்டுப் போவல" என்றார். "சக்கரைல மண்ணு, உப்புல மண்ணு. ஜனங்க என்னியத் திட்டிகினு போறாங்க."

"அண்ணே, எதிர்க்க மாஸ்டர் உங்களாண்ட லவங்கம் வாங்கறாரா?"

"லவங்கம் இல்லடா, லவங்கத் தைலம். பல்வலியாம். வழக்கமா மாசத்துக்கு ஒரு பாட்டில். போன வாரம் ஒரே மூச்சா ஆறு பாட்டில் வாங்கினாரு, கடையில இருந்ததே அவ்ளோதான். பாவம், ரொம்ப வலி போல."

"எந்தப் பல்லுல?" என்று கேட்டார் ஆண்டாளம்மாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா அவரு ரொட்டிய டீல ஊறப்போட்டுத்தான்…" அண்ணன் பாதியில் நிறுத்தினார். முகம் மெல்ல மாறியது. "அட, மாஸ்டருக்குப் பல்லே கிடையாதே. பல்லு செட்டுதானே கட்டிகினு கீறாரு. ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டு ஜன்னலாண்ட வெப்பாரு, இங்கேர்ந்தே தெரியும்."

"பல்லில்லாத ஆளுக்கு ஆறு பாட்டில் பல்வலி. நீங்க எல்லாம் வியாபாரி" என்றேன்.

"வாங்க வர்றவன் வாயத் தொறந்து பாக்கறதாடா என் வேல?"

நான் துள்ளிக் குதிக்காத குறை. என் மேஸ்திரி மாமா ஒருவர் கதவுக்கு அடிக்கிற பெயின்ட் சீக்கிரம் காயாமல் இருக்க என்னென்னவோ கலப்பார். லவங்கத் தைலமும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்ட படம் வியாழக்கிழமையும் ஈரமாக இருக்கிறது, முனியன் சொன்னது சத்தியம்.

"வாங்கம்மா, மாஸ்டர் கழுத்தப் புடிக்கலாம்."

"ஆறு பாட்டில் எதுக்கு?" என்றார் ஆண்டாளம்மாள்.

"படம் காயாம இருக்கத்தான்."

"ஒரு படம் காயாம இருக்க ஆறு சொட்டு போதாதா?"

நான் கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. கண்டக்டராக இருந்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு, பஸ் நேரம் நெருங்க நெருங்க உள்ளங்காலில் அரிப்பு எடுக்கும். எனக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினோம்.

ஏகாம்பரம் மாஸ்டர் பயணத்துக்குத் தயாராக இருந்தார். அவருக்கும் அதே பதினொன்றேகால் பஸ்தானாம். வெள்ளை ஜிப்பா, தோளில் வெளுத்த துண்டு, நல்ல களையான முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை ஆண்டாளம்மாளுக்குத் தள்ளினார். கட்டிலின் மேல் தோல் வார் போட்ட மரப்பெட்டி.

"பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரஸ்னு சொன்னாங்க. டிராயிங் வாத்தியாருக்கு இன்ஸ்பெக்டரஸைக் கண்டா இன்னும் நடுக்கம்தான்" என்று சிரித்தார்.

"நான் டிராயிங் கிளாஸைச் சோதிச்சதே இல்லை. அழகா இருக்கும்னு விட்டுடுவேன்" என்றார் ஆண்டாளம்மாள். "உங்க படத்தைப் பார்க்கலாமா?"

மாஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பெருமை ஜெயித்தது. பெட்டியின் மூடியைத் திறந்து, முன்பக்கம் இருந்த பலகையை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து உருவினார். அதுவும் ஸ்டேஷனில் இருந்த கொக்குப் படமும் போக, முப்பதில் மீதி இருபத்தெட்டுப் பலகைகளின் மேல்விளிம்பு உள்ளே வரிசையாக வர்ணம் வர்ணமாகத் தெரிந்தது.

"ஓரமாப் பிடிங்க, ஈரம். இந்தக் கோடையில நான் போட்டதிலேயே இதுதான் எனக்குப் பிடிச்சது. பங்குனி பத்தாம் தேதி, வந்த மறுநாள். ஏரி நிறைஞ்சு மதகோட ஒன்பதாம் படி வரைக்கும் தண்ணி இருந்தது. அந்த நீலம் மறுநாள் இல்லை."

உண்மையாகவே நல்ல படம். ஏரி நிறைய இருந்த நாளில் நாவல் மரத்தடி நிழல் எப்படிக் குளுகுளு என்று இருக்குமோ அது அப்படியே வந்திருந்தது. நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆண்டாளம்மாள் நேரே விஷயத்துக்கு வந்தார். "வர்ணத்துல லவங்கத் தைலம் கலக்கறீங்களா?"

வேதகிரி திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் அசையவில்லை.

"கலக்கறேன். வெட்டவெளியில படம் போடற எல்லாரும் செய்யறதுதான். இந்த வெயில்ல தட்டுல பிழிஞ்ச வர்ணம் கால் மணியில தோல் கட்டிடும். தைலம் ஊத்தினா ஒரு வாரம், போனா பத்து நாள் காயாது."

"கடையில பல்வலின்னு சொன்னீங்களே."

"மளிகைக்கடையில நின்னுகிட்டு எண்ணெய் வர்ணம் பத்திப் பாடம் எடுக்கவா?"

வேதகிரி சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

"அப்படின்னா கொக்குப் படம் ஈரமா இருக்கிறதால நீங்க செவ்வாய்க்கிழமை திட்டுல இருந்தீங்கன்னு ஆகாது. ஞாயித்துக்கிழமை போட்டதாவும் இருக்கலாம்" என்றார் ஆண்டாளம்மாள்.

"இருக்கலாம். ஈரத்தை அத்தாட்சியா எடுத்தது சப்-இன்ஸ்பெக்டர், நான் இல்லை. நான் சொன்னது என் வாய்வார்த்தை. அந்தப் பக்கம் தோணிக்காரன் வாய்வார்த்தை, அவன் தோணியில அகப்பட்ட கிரீடம். யாரை நம்பறதுங்கிறது உங்க இஷ்டம்."

யாரை நம்புவார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் அதைத் தெரிந்துதான் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

நான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே விழுந்தேன். "செவ்வாக்கெயம ரெண்டரை மணி நேரம் புழுதி அடிச்சுது மாஸ்டர். என் அண்ணன் கடை வெல்லத்துல இன்னும் மண்ணு கீது. ஈரமான கொக்குப் படத்துல ஒரு பொட்டு மண்ணு இல்லியே, எப்டி?"

"நடு ஏரியில புழுதி ஏது தம்பி? சுத்தித் தண்ணி" என்றார் மாஸ்டர் பொறுமையாக.

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். வேதகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "அம்மா, போதும். இவர் பெரிய மனுஷர். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எல்லப்பன் முனியனைக் கூட்டிக்கொண்டு கூட்ரோட்டுக்கு வந்துவிட்டார். விலங்கு போட்ட கை தெரியாமல் இருக்கச் செங்கேணி தன் மேல்துண்டை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டு மூடினாள். ஊர் ஜனம் புளியமரத்து நிழலில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கட்டைவிரல்ல என்ன?" என்றார் ஆண்டாளம்மாள்.

பார்த்தேன். கட்டைவிரல் நீலம். முகத்திலும் இழுத்திருப்பேன் போல.

"படத்த வாங்கினேன் இல்ல, அதுல ஒட்னது. நல்ல பேஜார். பங்குனி மாசத்துத் தண்ணி, ஏரியே வத்திப் போச்சி, இது இன்னும் காயல."

ஆண்டாளம்மாள் பொடி டப்பாவைத் திறக்கப் போனவர் திறக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மாஸ்டர், தைலம் ஊத்தினா எத்தனை நாள் காயாதுன்னீங்க?"

"பத்து நாள்."

"பங்குனி பத்தாம் தேதியிலிருந்து இன்னைக்கு ஏழு வாரம்."

மாஸ்டர் கையிலிருந்த பலகையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"அது வந்து… ஊருக்குக் கிளம்பற முன்னாடி வானத்தைக் கொஞ்சம் திருத்தினேன்" என்றார் மாஸ்டர்.

"இந்த ஒண்ணையா?"

"சிலதை."

"பத்து நாளைக்கு ஒருக்கா காஞ்ச படத்தை எடுத்துப் பேப்பர் சுத்திக் கட்டறதா முனியன் சொன்னான். அந்தக் கட்டெல்லாம் எங்கே? பேப்பரைப் பிரிச்சு, முப்பது படத்தையும் பெட்டிக்குள்ள வெச்சு, ஆறு பாட்டில் தைலத்தைக் கலந்து எல்லாத்துக்கும் மறுபடி ஒரு பூச்சுப் பூசியிருக்கீங்க." ஆண்டாளம்மாள் கட்டில் பக்கம் ஒரு அடி வைத்தார். "கொக்குப் படத்துக்கு ஈரம் வேணும், சரி. நீங்க திட்டுல இருந்ததா நம்ப வைக்கலாம். மீதி இருபத்தொன்பதுக்கு எதுக்கு ஈரம்? நானும் காலையிலிருந்து படம் எப்போ போட்டதுன்னே யோசிச்சுக்கிட்டிருந்தேன், அது என் தப்பு. எல்லப்பன் சட்டையைத் தோய்ச்சுக்கிட்டு இருந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"என்ன புரியணும்?" என்றார் வேதகிரி.

"இவர் பெட்டிக்குப் பூட்டு போடலை, வேதகிரி. பூட்டு போட்டா நீங்க உடைப்பீங்க. ஈரமா இருந்தா கையை விடமாட்டீங்க."

மாஸ்டர் பெட்டியை மூடக் கை நீட்டினார். நான் நடுவில் நின்றுகொண்டேன்.

ஆண்டாளம்மாள் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைத் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை. அதில் காப்பிச் சொட்டு விழுந்தாலே அன்றைக்கு என் கதி அதோகதி. அவர் இப்போது முந்தானையைக்கூட ஒதுக்காமல், வலது கையை முழங்கை வரை பெட்டிக்குள் விட்டார். பச்சையும் காவியும் நீலமும் அவர் கையெல்லாம் ஏறியது. நடுவிலிருந்து ஒரு பலகையை உருவினார். அது பாதிப் பலகை. மேலே விளிம்பு தெரிகிற அளவுக்கு மட்டும் விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை ரம்பத்தால் அறுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. பத்துப் பலகைகள் அப்படி வந்தன. அவற்றுக்கு அடியில் இருந்த பொந்துக்குள் மறுபடி கையை விட்டு, கந்தல் சுற்றிய ஒரு பொருளை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார்.

கந்தலை நான் பிரித்தேன். வெண்கல அம்மன் கிரீடம் இல்லாத தலையோடு எங்களைப் பார்த்தாள்.

வேதகிரி தொப்பியைக் கழற்றினார். 

"செவ்வாய்க்கிழமை முனியனைத் தலைவலின்னு சொல்லி அனுப்பிட்டீங்க. புழுதியில தெருவுல ஆள் இல்லை. கோயிலுக்கு நடந்தே போய் எடுத்துட்டீங்க. கிரீடத்தைக் கரையில கட்டியிருந்த தோணியில போட்டுட்டு, பத்து மணிக்குப் பெட்டியோட ஏரிப் பக்கத்திலிருந்து வர்ற மாதிரி வந்திருக்கீங்க" என்றார் ஆண்டாளம்மாள்.

மாஸ்டர் மறுக்கவில்லை. மெட்ராஸில் ஒரு சேட்டு, பழைய சிலை சேர்க்கிறவர், படத்தை யாரும் வாங்குவதில்லை என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார். பத்துப் படங்களைத் தன் கையாலேயே அறுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது, முனியனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பங்குனிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதை மட்டும் பாழாக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்று ஆண்டாளம்மாளைக் கேட்டார். நல்ல ஓவியனாக இருந்து தொலைத்தானே என்று எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

கீழே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினேன்.

"எல்லப்பா, கழட்டுங்க. விலங்கக் கழட்டுங்க."

எல்லப்பன் மாடியைப் பார்த்தார். பின்னாலேயே இறங்கி வந்த வேதகிரி தலையை அசைத்தார். சாவி திரும்பியது.  செங்கேணி முனியனின் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.  நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

புளியமரத்தடி ஜனம் கிட்டே வந்தது. சிலை கிடைத்துவிட்டதாம், மாஸ்டராம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு நாளாக அவனைத் திருடன் என்று பேசியவர்கள் இப்போது அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முனியன் வாங்கிக் குடித்தான்.

வேதகிரிக்கு வேலை தலைக்கு மேல் வந்துவிட்டது. சிலையை எழுதி எடுக்க வேண்டும், மாஸ்டரைக் கொண்டுபோக வேண்டும், பெட்டி கோர்ட்டுக்குப் போக வேண்டும். நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, இத்தனை வருஷம் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார்.

"டேய் முனியா, மாடியில அந்தப் பெட்டி இருக்குது. எறக்கி ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கினு வா."

ஆண்டாளம்மாள் மாடிப்படியில் நின்றுவிட்டார். கையிலிருந்து வர்ணம் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். முனியன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

அவன் வேதகிரியை நேராகப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் கொக்குப் படம் ஞாயித்துக்கெயம போட்டதுன்னு காலைலயே சொன்னேன் சார். செவ்வாக்கெயம மாஸ்டரு திட்டுக்கு வரலனும் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. நான் வூட்டுக்குப் போறேன். பொட்டிய நீங்களே எறக்கிக்குங்க."

செங்கேணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. பஸ் டிரைவர்கூட ஹாரனை நிறுத்திவிட்டார்.

வேதகிரி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியை எல்லப்பன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடி ஏறினார்.